தண்ணீர் டிரம்முக்குப் பின்னால்

ரூட்டர்கள் ஆட்களை எண்ணத் தொடங்கி ஏழு வருடம் இருக்கும். ஆரம்பத்தில் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வைஃபை அலை வீடு முழுக்கப் பரவுகிறது. சுவரில் படுகிறது, பீரோவில் படுகிறது, மனிதர்கள் மேலும் படுகிறது. மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்கினால் திரும்பி வரும் அலையும் அதற்கேற்ப மாறுகிறது. அந்த மாற்றத்தைப் படிக்கத் தெரிந்த ரூட்டருக்கு எந்த அறையில் எத்தனை பேர் என்பது தெரியும். ஆளுக்கு ஆள் மூச்சின் தாளம் வேறு என்பதால் ஒருவரிடமிருந்து இன்னொருவரைப் பிரித்துப் பார்க்கவும் தெரியும். பெயர்தான் தெரியாது. ஆள்-1, ஆள்-2 என்று எண் கொடுத்து வைத்துக்கொள்ளும்.

ரூட்டர் கம்பெனிகள் இதை வீட்டுப் பாதுகாப்பு என்று சொல்லி விற்றன. எந்த வீட்டில் எத்தனை பேர் இருமுகிறார்கள் என்ற பட்டியல் காப்பீட்டுக்காரர்கள் கைக்குப் போனது தெரிந்த பிறகுதான் ஜனங்களுக்குக் கோபம் வந்தது. எனக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் யாரையும் திட்ட மாட்டேன், எதையாவது கழற்றி மாட்டுவேன்.

என் பெயர் சிந்துஜா. திண்டுக்கல்லில் இரண்டாயிரம் வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கிறேன். என் அப்பா கேபிள் டிவி நடத்தியவர், அதனால் ஊரில் நான் இன்றைக்கும் கேபிள் அக்காதான். நானும் கீழக்கரையில் இருக்கும் அஸ்லமும் சேர்ந்து 'மதகு' என்று ஒரு மென்பொருள் எழுதினோம். ரூட்டரோடு வருகிற கம்பெனி மென்பொருளை அழித்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போட வேண்டும். இதன் மூலநிரல் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம். உரிமத்தில் அந்தக் கடைசி வரியைச் சேர்த்தது நான். பெருமையாகத்தான் சேர்த்தேன்.

எண்ணுகிற வேலையை நாங்கள் நீக்கவில்லை. ஆளில்லாத அறையில் ஃபேன் தானாக நிற்கும். குளியலறையில் யாராவது வழுக்கி விழுந்தால் தகவல் வரும். இதெல்லாம் நல்லதுதானே. எண்ணட்டும், ஆனால் எண்ணிக்கை வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, ரூட்டரின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தோம். ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்தால் பாஸ்வேர்டு எத்தனை பேரிடம் இருக்கும் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

முப்பத்தெட்டாயிரம் வீடுகளில் மதகு ஓடியது. ஏதாவது கோளாறு என்றால் எங்கள் தளத்தில் புகார் எழுதுவார்கள். அந்தப் புகார்களைப் படித்தால் யாருக்கும் சலித்துப்போகும். 'வேலை செய்யல' என்று ஒரே வரியில் இருக்கும். எது வேலை செய்யவில்லை என்று கேட்டால் 'ரூட்டர்' என்று பதில் வரும். ஒருவர் பச்சை விளக்கைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கோபித்துக்கொண்டார்.

அப்படிப்பட்ட இடத்துக்கு நவநீதன் வந்தார். ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அவர் எழுதிய புகாரை நான் இரண்டு முறை ரசித்துப் படித்தேன். 'என் வீட்டில் பகலில் ஒருவர் மட்டும் இருக்கிறார். தினமும் 11:00 முதல் 11:40 வரை எண்ணிக்கை பூஜ்யம் என்று காட்டுகிறது. அந்த நேரத்தில் வாசல் கதவு திறக்கப்படவில்லை. எனவே இது எண்ணும் நிரலின் பிழை என்று கருதுகிறேன். மூன்று வாரப் பதிவுகளை இணைத்துள்ளேன்.' கூடவே வீட்டின் வரைபடம், அறைகளின் நீள அகலம், பீரோ எங்கே, கட்டில் எங்கே என்பது வரைக்கும்.

அஸ்லம் உடனே போன் செய்தான்.

"அக்கா, இந்தாளு புகாரப் பாத்தீங்களா? பாடப் புத்தகத்துலயே சேக்கலாம்."

"பாத்தேன். இவருக்குச் சிலை வைக்கணும். நானே எடுத்துக்கிறேன் இதை."

வேறு அறுபது புகார்கள் வரிசையில் நின்றன. அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, ஆபீஸ் திறக்கும் முன் காலையில் இரண்டு மணி நேரம் இதற்கென்று ஒதுக்கினேன். மதகில் எங்களோடு சேர்ந்து நிரல் எழுதுகிறவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள்; நன்றாக எழுதின புகாரைத்தான் எல்லாரும் முதலில் எடுப்போம். எழுதியவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று பார்க்கிற வழக்கம் கிடையாது.

மூன்று வாரப் பதிவுகளும் ஒரே மாதிரி இருந்தன. ஆள்-2 சமையலறையில் இருப்பார். பிறகு ஹால். பிறகு குளியலறைக்கு வெளியே இருக்கும் சின்ன இடம். அங்கே போனதும் காணாமல் போய்விடுவார். நாற்பது நிமிடம் கழித்து அதே இடத்தில் தோன்றுவார். மூன்றாம் நாள் காலையில்தான் வரைபடத்தில் அந்த இடத்திலிருந்த வட்டத்தைக் கவனித்தேன். 'தண்ணீர் டிரம், 200 லிட்டர்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்.

"அஸ்லம், ஆளு எங்கயும் போகல. டிரம்முக்குப் பின்னாடி இருக்காங்க."

"அது எப்படிக்கா தெரியாமப் போவும்?"

"தண்ணி வைஃபை அலையக் குடிச்சிரும்டா. நெறஞ்ச டிரம்முக்குப் பின்னாடி போயிட்டா ரூட்டரப் பொறுத்தவரைக்கும் அந்த ஆளே இல்லை."

"சரி, தினமும் நாப்பது நிமிசம் டிரம்முக்குப் பின்னாடி என்ன வேலை?"

"துணி தொவைப்பாங்க. நமக்கு எதுக்கு?"

அவன் கேட்டது சரியான கேள்வி. நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். என் தலைக்குள் விடை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ரூட்டரின் அலையும் சுவர் தாண்டி நம் வீட்டுக்குள் வருகிறது, வேறு திசையிலிருந்து வருகிறது. அதையும் சேர்த்துப் படித்தால் டிரம்முக்குப் பின்னால் இருப்பவர் தெரிவார். எழுதி முடித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சோதித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவரிடம் சொல்லி டிரம்முக்குப் பின்னால் ஐந்து நிமிடம் உட்காரச் செய்ய முடியுமா என்று நவநீதனைக் கேட்டேன். அவர் பதில் எழுதினார்: 'இயலாது. எண்ணப்படுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் இயல்பாக நடந்துகொள்ள மாட்டார், அளவு கெட்டுவிடும்.'

இதற்கு நான் எழுதியதை மாற்றாமல் தருகிறேன். 'மிகச் சரியான முறை. சோதனை என்றால் எல்லாரும் இப்படித்தான் செய்ய வேண்டும்.' கீழே பதினோரு பேர் கைதட்டல் குறி போட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் மருந்து சோதிக்கிறவர்கள் பேசுகிற மாதிரி அவர் பேசினார் என்பது மட்டும்தான் எனக்குக் காதில் விழுந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

வியாழக்கிழமை புதிய வெர்ஷன் வெளியிட்டோம். சனிக்கிழமை அவரிடமிருந்து நன்றி வந்தது. 'இப்போது 11:00 முதல் 11:40 வரை ஆள்-2 சரியாகத் தெரிகிறார். டிரம்முக்கும் சுவருக்கும் இடையில், தரையில்.' புகாரை முடித்துவைத்தோம்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஆபீஸில் ஒருவர் பில்லைக் காட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, முடித்துவைத்த அந்தப் புகாரில் புதிதாக ஒரு பதில் வந்தது. எழுதியவரின் பெயர் ஆள்-2 என்று இருந்தது.

'நான்தான் ஆள்-2. இந்தப் பக்கத்தை அவர் மடிக்கணினியில் மூடாமல் போய்விட்டார். நாற்பத்து மூன்று பதில்களையும் படித்தேன்.

எண்ணுவது எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறார். பத்தரை மணிக்கு ஜன்னல் பக்கம் இருபது நிமிடம் ஏன் நின்றாய் என்று சாயங்காலம் கேட்டால் தெரியாமலா இருக்கும். எந்த இடத்தில் உட்கார்ந்தால் சாயங்காலம் கேள்வி வராது என்று வீடு முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தால் வரவில்லை. கதவு திறக்காததால் அவர் என்னைச் சந்தேகப்படவில்லை, ரூட்டரைச் சந்தேகப்பட்டார். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. நீங்கள் நான்கு நாளில் சரி செய்துவிட்டீர்கள்.

துணி துவைப்பேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். இல்லை. அங்கே நான் ஒன்றும் செய்ய மாட்டேன். சும்மா உட்கார்ந்திருப்பேன்.

இந்தப் பதில் அவருக்கும் மெயிலில் போகும் என்று தெரியும். நான் பஸ்ஸில் இருக்கிறேன். இனிமேல் அந்த வீட்டில் பகலில் பூஜ்யம் காட்டும். அது பிழை இல்லை.'

துணி துவைப்பதைப் பற்றி எழுதிய அந்த ஒருவர் நான்தான். போனில் அஸ்லமிடம் சொன்னதைப் பதிலிலும் போட்டு, பக்கத்தில் ஒரு சிரிப்புக் குறியும் வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பில்லோடு நின்றவரிடம் அவர் சொல்வதெல்லாம் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

அஸ்லம் போனை எடுத்ததும், "நான் அன்னைக்கே கேட்டேன்லக்கா," என்றான்.

"கேட்டே."

"நானும் கேட்டுட்டு அத்தோட விட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டு ஷட்டரை மீதியும் இறக்கினேன்.

மறுநாள் நவநீதன் புதிய கோரிக்கை ஒன்று பதிவு செய்திருந்தார். வழக்கம்போல மரியாதையாக, சுத்தமாக எழுதியிருந்தார். 'ஆள்-2இன் மூச்சுத் தாளம் என் பதிவுகளில் உள்ளது. மதகு உள்ள வேறு எந்த வீட்டிலாவது இதே தாளம் புதிதாகத் தென்பட்டால் எனக்குத் தகவல் வரும் வசதி தேவை. குடும்ப அவசரம்.' நேற்றைய பதிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதைவிட என்னைக் கலங்கடித்தது அதற்குக் கீழே இருந்தது. சேலத்திலிருந்து ஒருவர், எங்கள் குழுவில் நல்ல வேலைக்காரர், பழைய புகாரைப் பார்க்காமலே எழுதியிருந்தார்: 'சுவாரஸ்யமான சவால். கூடுதல் நிரலாக எழுதினால் எல்லா வெர்ஷனிலும் ஓடும். வாரக் கடைசிக்குள் முடித்துவிடுவேன்.'

அவர் முடித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். நூறு வரி வேலை. எல்லா ரூட்டரும் ஒரே கணக்கில்தான் மூச்சை எண்ணாக மாற்றுகின்றன, ஓசூரில் வருகிற எண்தான் கன்னியாகுமரியிலும் வரும். காணவில்லை என்று ஒரு படத்தோடு இந்த நிரலை வாட்ஸப்பில் சுற்றவிட்டால் போதும், ஜனங்கள் ஆளுக்கு ஆள் போட்டுக்கொள்வார்கள். புண்ணியம் என்று நினைத்துத்தான் போடுவார்கள். அந்தப் பெண் எந்த ஊரில், எந்த வீட்டில் போய் மூச்சு விட்டாலும் ஓசூருக்கு மணி அடிக்கும்.

"பேசாம அவரு ரூட்டருக்கு மட்டும் ஒரு அப்டேட் அனுப்பி எல்லாத்தையும் அழிச்சிரலாம்கா," என்றான் அஸ்லம். "எந்த அப்டேட் வந்தாலும் அன்னைக்கே நம்ம சர்வர்லருந்து எடுத்துப் போட்டுக்கிறவருதான. அஞ்சு நிமிச வேலை."

"பதிவ நம்ம தளத்துல போட்டு மூணு வாரமாச்சு. இருநூறு பேரு இறக்கியிருக்காங்க. அவரு ரூட்டர அழிச்சு என்ன செய்ய?"

"அவருக்கு ஒரு பாடமாவது இருக்கும்."

"ஒரு வீட்டுக்குள்ள நம்ம இஷ்டத்துக்குக் கைய விட்டா அப்புறம் நாமளும் கம்பெனிதான். இன்னைக்கு அவரு. நாளைக்கு நமக்குப் புடிக்காத இன்னொருத்தரு."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு என்ன வழி? உரிமத்துல எந்தக் காரியத்துக்கும்னு எழுதினது நீங்கதான்."

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை என்று தெரியும். ஆனாலும் குத்தியது.

சேலத்துக்காரருக்கு போன் செய்து பழைய புகாரைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். "மன்னிச்சிருங்க மேடம். எழுதின வரைக்கும் அழிச்சிட்டேன். எனக்கு ரெண்டு தங்கச்சிங்க இருக்காங்க," என்றார். ஆனால் அவர் அழித்தால் இன்னொருவர் எழுதுவார். நவநீதன் ஆள் தேடிக் கண்டுபிடிக்கிறவர்.

அடுத்த இரண்டு நாளில் நான் எழுதிய திருத்தம் சின்னது. ஒவ்வொரு ரூட்டரும் தனக்கென்று ஒரு ரகசிய எண்ணை உருவாக்கிக்கொண்டு, மூச்சுக் கணக்கில் அதைக் கலந்துவிடும். ஒரு வீட்டில் ஆள்-2 என்று பதிவானவர் அடுத்த வீட்டில் முன்பின் தெரியாத ஆளாகிவிடுவார். இரண்டையும் ஒப்பிட யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. கூடவே இன்னொன்றும் செய்தேன். எண்ணுகிற வசதி இனி யாராவது கேட்டுப் போட்டால்தான் ஓடும், ஓடினால் அந்த வைஃபையில் சேர்கிற எல்லா போன்களுக்கும் அது தெரியும். வெளியீட்டுக் குறிப்பில் மறைக்காமல் எழுதினேன்: 'ஒரு வீட்டில் எண்ணப்பட்டவரை இன்னொரு வீட்டில் தேட முடியாமல் செய்வதற்காக.' நவநீதன் எட்டுக் காரணம் எழுதி எதிர்த்தார். நான்காவது காரணம் உண்மையிலேயே நல்ல காரணம். முதல் தடவையாக ஒரு நல்ல புகாருக்கு நான் பதில் எழுதவில்லை.

திருத்தம் எழுதியதோடு வேலை முடிந்துவிடவில்லை. பழைய வெர்ஷன் ஓடுகிற வீட்டில் அந்தப் பெண் தங்கியிருந்தால் திருத்தத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஜனங்களோ தாங்களாக அப்டேட் போடுவதே கிடையாது. நல்லா ஓடுறதுல எதுக்குக் கை வைக்கணும் என்பார்கள். எங்கே போனார் என்று தெரியாததால் எல்லா ஊரும் முக்கியமாகிவிட்டது. குழுவில் இருந்தவர்களிடம் அவரவர் ஊரை அவரவர் எடுத்துக்கொள்ளச் சொன்னோம். கீழக்கரை, ராமநாதபுரம் அஸ்லமுக்கு. சேலம் அந்தத் தம்பிக்கு, கேட்காமலே தருமபுரியையும் எடுத்துக்கொண்டார். திண்டுக்கல்லில் மதகு ஓடிய அறுநூற்று நாற்பது வீடுகள் எனக்கு.

பத்தொன்பது நாள் மாடிப்படி ஏறி இறங்கினேன். முட்டி வீங்கிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே முறைதான். முதலில் வீட்டாரிடம் பாஸ்வேர்டு வாங்கி, பழைய வெர்ஷன் காட்டுகிற எண்ணிக்கையைப் போனில் எடுத்துப் பார்ப்பேன். வீட்டில் இப்போது எத்தனை பேர் என்று கேட்பேன். காட்டியதில் என்னைக் கழித்துவிட்டு இரண்டையும் படிவத்தில் எழுதுவேன், 'காட்டியது', 'இருந்தது' என்று இரண்டு கட்டங்கள். பிறகு அப்டேட் போடுவேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் காரணம் கண்டுபிடிக்காமல் அந்த வீட்டை விட்டு நகர மாட்டேன். இருபது வருடப் பழக்கம் அது.

நாகல் நகரில் பவித்ரா என்ற பெண்ணின் வீடு. இரண்டாவது மாடி. அவர் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறவர். அவருடைய அம்மா ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"இப்ப வீட்டுல எத்தனை பேரும்மா?"

"நானும் எங்கம்மாவும்தான்க்கா. ரெண்டு பேரு."

என்னையும் சேர்த்தால் மூன்று. போனில் நான்கு என்று காட்டியது. மூன்று மூச்சு ஹாலில். நான்காவது உள் அறையில், தரையோடு தரையாக, வேகமாக.

"நாலு காட்டுதே," என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான், வாயில் வந்துவிட்டது.

பவித்ரா போனைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். அவருடைய அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "ரெண்டு பேருதான்க்கா," என்றார் பவித்ரா மறுபடியும்.

உள்ளே இருந்த மூச்சு சட்டென்று நின்றது. திரையில் நான்கு மூன்றானது. சில நொடிகளில் மறுபடி நான்கு. எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதரால் அடக்க முடியும்.

"பழைய வெர்ஷன் இது, தப்புத்தப்பா காட்டும்," என்றேன். உள் அறைக்கும் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "மாத்திட்டா சரியாயிரும். எண்ணுறதே வேண்டாம்னா அடியோட நிறுத்திரவும் செய்யலாம்."

"நிறுத்திருங்கக்கா."

அப்டேட் ஏற நான்கு நிமிடம் ஆகும். பவித்ரா டீ போடப் போனார். தட்டில் நான்கு டம்ளர் வைத்துக் கொண்டுவந்தார். ஹாலுக்கு வந்த பிறகுதான் அவரே அதைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். நான் எழுந்து போய் எனக்கு ஒன்று எடுத்துக்கொண்டேன். அவருடைய அம்மாவுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தேன். சர்க்கரை சரியாக இருக்கிறது என்றேன்.

அந்தப் பத்தொன்பது நாளில் இப்படிச் சொன்னதைவிட ஒரு மூச்சு கூடுதலாக இருந்த ஏழு வீடுகள் பார்த்தேன். அறுநூற்று நாற்பதில் ஏழு. எல்லாரும் ஓசூரிலிருந்து வந்தவர்களாக இருக்க முடியாது, ஊருக்கு ஒரு நவநீதன் இருப்பார் போல. அந்தப் பெண் இவர்களில் ஒருவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் எந்தக் கதவையும் திறந்து பார்க்கவில்லை, பெயரும் கேட்கவில்லை.

ரூட்டர் அணைந்து மறுபடி எரிந்தது. போனில் எண்ணிக்கை இருந்த இடம் காலியாக இருந்தது. பவித்ரா பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்பச் சரியா காட்டுதாக்கா?"

"சரியா காட்டுது," என்று சொல்லிவிட்டு, படிவத்தின் இரண்டு கட்டத்திலும் இரண்டு என்று எழுதினேன்.